சிறு டவுன்ஷிப்பின் தீப்பாதுகாப்பு ஆய்வு: எங்கே தேறுகிறது, எங்கே சறுக்குகிறது

ஆண்டுக்கு ஒருமுறை அலுவலர் வருகிறார், படிவம் நிரம்புகிறது, கட்டணம் கட்டினால் சான்று கைக்கு வருகிறது. கடையோ, அரங்கோ, விடுதியோ, யார் வாங்கினாலும் இது பணம் கொடுத்துப் பெறும் சேவை. கட்டணம் கட்டுபவர் ஒருவர், பயன் பெற வேண்டியவர் அந்த இடத்துக்குள் வந்து போகும் வேறொருவர். அதனால்தான் இதைக் கறாராக எடை போட வேண்டியிருக்கிறது.

பெரிய நகரத்தில் இதற்கென்று ஒரு துறையே இருக்கும். சின்ன டவுன்ஷிப்பில் பெரும்பாலும் ஒரே ஆள். கட்டட அனுமதியும் அவர்தான், புகார் விசாரணையும் அவர்தான். பல ஊர்களில் தீயணைப்பு வண்டியில் ஏறுபவரும் அவர்தான். ஒருவரே எல்லாவற்றையும் பார்ப்பதில் ஒரு நன்மை உண்டு: எந்தக் கட்டடத்துக்கு எந்தப் பக்கம் வழி என்பது அவருக்கு மனப்பாடம். கெடுதலும் உண்டு: எல்லோரும் தெரிந்தவர்கள், நோட்டீஸ் எழுதக் கை தயங்கும்.

எங்கள் மதிப்பீட்டைச் சுருக்கமாகச் சொன்னால், இந்தச் சேவை காகிதம் பார்ப்பதில் நன்றாகத் தேறுகிறது. கை வைத்துப் பார்ப்பதில் சுமார். திரும்பி வந்து பார்ப்பதில் மோசம். மூன்றில் உயிர் காப்பது பின்னிரண்டும்தான்.

முதலில் கதவு. ஆய்வுக்கு வருபவர் வேறெதையும் பார்க்க நேரமில்லாமல் போனாலும் எல்லா வெளியேறும் கதவுகளையும் உள்ளிருந்து தள்ளிப் பார்த்தே ஆக வேண்டும். சாவி வேண்டாம், தாழ்ப்பாளைத் தேட வேண்டாம், ஒரே அசைவில் திறக்க வேண்டும், இதுதான் சோதனை. அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) வெளியிடும் 101-ம் எண் விதித்தொகுப்பின்படி 50 பேர் அல்லது அதற்கு மேல் கொள்ளும் அறையின் கதவு வெளியேறும் திசையில் திறக்க வேண்டும். காரணம் எளிது: பின்னால் கூட்டம் நெருக்கும்போது உள்பக்கம் இழுத்துத் திறக்கும் கதவை யாராலும் திறக்க முடியாது. பாஸ்டனில் கோக்கனட் க்ரோவ் கேளிக்கை விடுதி 1942 நவம்பர் 28 அன்று எரிந்தபோது நடந்தது இதுதான். முன்வாசலில் சுழல்கதவு கூட்டத்தில் சிக்கி நின்றுவிட்டது. மற்ற கதவுகளில் சில பூட்டிக் கிடந்தன, சில உள்பக்கம் திறப்பவை. 492 பேர் இறந்தார்கள். அதற்கு எட்டு நாள் முன்புதான் அந்த இடம் ஆய்வில் தேறியிருந்தது. ஆய்வாளர் கட்டடத்தைப் பார்த்தார். கூட்டம் நிறைந்த இரவில் அந்தக் கதவுகள் எப்படி இருக்கும் என்பதைப் பார்க்கவில்லை.

பகல் பதினோரு மணிக்கு, முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும் ஆய்வில் எல்லாக் கதவும் திறந்துதான் இருக்கும். கதவின் கைப்பிடிகளில் பெயிண்ட் தேய்ந்து வட்டமாக ஒரு தடம் தெரிந்தால், அங்கே தினமும் சங்கிலி சுற்றுகிறார்கள் என்று பொருள். நிலைக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியடித்துப் பூட்டு தொங்கினாலும் அப்படியே. தேர்ந்த ஆய்வாளர் இந்தத் தடத்தைப் படம் எடுத்து அறிக்கையில் சேர்ப்பார். மற்றவர்கள் "கதவு சரி" என்று டிக் அடிப்பார்கள்.

பூட்டுபவர்களைக் குறை சொல்வதோடு நிறுத்துவதும் சரியல்ல. திருட்டுப் பயம், பணம் கொடுக்காமல் பின்வழியாக நழுவுபவர்கள் என்று அவர்களுக்கு உண்மையான சிக்கல் இருக்கிறது. அதற்குத் தீர்வு பேனிக் பார் எனப்படும், கதவின் குறுக்கே பொருத்தும் தள்ளுகம்பி, கூடவே கதவு திறந்தால் அலறும் சின்ன பேட்டரி அலாரம். 1903-ல் சிகாகோவின் இரோக்வாய் நாடக அரங்கத் தீயில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு அமெரிக்காவில் பரவலான கருவி பேனிக் பார். உடம்பால் மோதினாலே திறக்கும். "பூட்டை எடு" என்று எழுதிவிட்டுப் போகும் அலுவலரை விட, "பூட்டை எடுத்து இதை மாட்டு" என்று சொல்லும் அலுவலரின் ஊரில்தான் அடுத்த ஆண்டும் கதவு திறந்திருக்கும்.

அடுத்தது கொள்ளளவுப் பலகை, அதாவது அறைக்குள் எத்தனை பேர் வரை இருக்கலாம் என்று சொல்லும் பலகை. இதை அளந்து எழுதுவது அரிது, பழைய எண்ணைப் பார்த்து எழுதுவதே வழக்கம். கணக்கு கடினமில்லை. மேசை நாற்காலி போட்ட அறையில் ஆளுக்கு 1.4 சதுர மீட்டர், நெருக்கமாக நிற்கும் கூட்டத்துக்கு 0.65 சதுர மீட்டர். 10 மீட்டருக்கு 14 மீட்டர் கூடத்தை எடுத்துக்கொண்டால் 140 சதுர மீட்டர்: மேசையோடு 100 பேர், மேசையை எடுத்துவிட்டால் 215 பேர். இனி வாசல். தட்டையான வழியில் ஆளுக்கு 5 மில்லிமீட்டர் அகலம் என்பது கணக்கு. 81 சென்டிமீட்டர் திறப்புள்ள கதவு ஏறக்குறைய 160 பேரைத் தாங்கும். மேசைகளை அகற்றிய நாளில் இரண்டாவது கதவு பூட்டிக் கிடந்தால் 55 பேருக்கு வழியே இல்லை. ஒரு அறைக்கு இரண்டு எண்களையும் பலகையில் எழுதவைப்பது நல்ல ஆய்வின் அடையாளம். ஒரே எண் மட்டும் இருந்தால், எந்த ஏற்பாட்டுக்கு என்று கேளுங்கள்.

தீயணைப்பான் சிலிண்டருக்கு வருவோம். கடைக்காரருக்கும் அலுவலருக்கும் இடையே அதிகம் பேசப்படுவது இதுதான், மேலோட்டமாகப் பார்க்கப்படுவதும் இதுதான். அட்டையில் தேதி இருக்கிறதா, சரி, அடுத்தது. ஆனால் அட்டையில் தேதி எழுத ஒரு பேனா போதும். சிலிண்டரைக் கொக்கியிலிருந்து இறக்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கைப்பிடியைத் தடுக்கும் பாதுகாப்பு ஊசி இருக்கிறதா, அதைப் பிடித்திருக்கும் மெல்லிய சீல் அறுபடாமல் இருக்கிறதா, கேஜ் முள் பச்சைக்குள் நிற்கிறதா, ஹோஸ் முனைக்குள் பூச்சி கூடு கட்டியிருக்கிறதா. இவ்வளவுக்கும் அரை நிமிடம் போதும். ரீஃபில் என்று அட்டை சொன்னால் சிலிண்டரின் கழுத்தில், வால்வுக்கு அடியில், ஆண்டு குறித்த வளையம் இருக்க வேண்டும். வால்வைக் கழற்றாமல் அந்த வளையத்தை மாட்ட முடியாது. அட்டையில் ரீஃபில், கழுத்தில் வளையம் இல்லை என்றால், துடைத்து வைத்துவிட்டுப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். (எல்லா நாட்டு விதியும் வளையத்தைக் கேட்பதில்லை, கேட்காத இடத்தில் உள்ளே பார்த்த தேதியை ரசீதில் எழுதி வாங்குங்கள்.)

ஏ.பி.சி. பவுடர் சிலிண்டரில் அடிக்கடி வரும் கோளாறுகள் இரண்டு. ஒன்று, ஆண்டுக்கணக்காக அசையாமல் தொங்கி, அல்லது வண்டியிலோ இயந்திரத்தின் பக்கத்திலோ அதிர்ந்து அதிர்ந்து, பவுடர் அடியில் இறுகிவிடும். சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்துக் காதருகே வைத்தால் பவுடர் சரியும் ஓசை கேட்க வேண்டும். இரண்டு, "சும்மா ஒரு விநாடி அழுத்திப் பார்த்தேன்" என்பது. அந்த ஒரு விநாடியில் வால்வின் இருக்கையில் துகள் ஒட்டிக்கொள்ளும், வால்வு முழுக்க மூடாது, அழுத்தம் மெல்லக் கசியும். சில நாளில் முள் சிவப்புக்கு இறங்கிவிடும். கொஞ்சம் அழுத்தினாலும் ரீஃபில்தான், வேறு வழியில்லை. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் கேஜே கிடையாது; எடை போட வேண்டும். வாயு எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் நிரப்ப வேண்டும். தராசு கொண்டுவராத சர்வீஸ் ஆள் கார்பன் டை ஆக்சைடைச் சோதித்தேன் என்றால் நம்ப வேண்டாம்.

கால அளவையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். என்.எஃப்.பி.ஏ. 10 தரத்தின்படி உரிமையாளர் மாதம் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும், பயிற்சி பெற்றவர் ஆண்டுக்கு ஒருமுறை பராமரிக்க வேண்டும். அழுத்தம் ஏற்றிய பவுடர் சிலிண்டருக்கு ஆறாம் ஆண்டில் உள்சோதனை, 12-ம் ஆண்டில் நீரழுத்தச் சோதனை. கார்பன் டை ஆக்சைடுக்கு நீரழுத்தச் சோதனை ஐந்தாண்டுக்கு ஒருமுறை. உள்ளூர் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே செல்லும். 18 கிலோவுக்கு உட்பட்ட சிலிண்டரின் மேல்முனை தரையிலிருந்து 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அடிப்பாகம் தரையைத் தொடவும் கூடாது, 10 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். பல இடங்களில் சிலிண்டர் கதவைத் திறந்து நிறுத்தும் முட்டுக்கட்டையாக நிற்கிறது. அது தானே மூட வேண்டிய தீத்தடுப்புக் கதவாக இருந்தால் ஒரே பொருளால் இரண்டு தவறு.

சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதைப் பார்க்காத ஆய்வு பாதி ஆய்வு. சிறிய ஊரின் ஆய்வு முறை எங்கே உடைகிறது என்பதற்கு அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் வெஸ்ட் வார்விக் என்ற சிற்றூர் காட்டும் பாடம் கொடியது. 2003 பிப்ரவரி 20 இரவு, ஸ்டேஷன் என்ற இசைக் கூடத்தில் மேடை வாணவேடிக்கையின் பொறி, ஒலி தடுக்கச் சுவரில் ஒட்டிய பாலியூரிதேன் ஃபோமில் பற்றியது. 100 பேர் இறந்தார்கள். அந்த இடம் ஆய்வுக்கு உட்படாத இடமல்ல. பலமுறை ஆய்வு நடந்தது. மேடைப் பக்கக் கதவு உள்பக்கம் திறக்கிறது என்ற குறையும் எழுதப்பட்டது. ஃபோம் மட்டும் அறிக்கையில் ஏறவே இல்லை. படிவத்தில் கதவுக்குக் கட்டம் இருந்தால் கண் கதவுக்குப் போகும். ஆகவே படிவத்தில் சுவர், கூரை உட்பூச்சுக்கு என்று தனிக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். முட்டை அட்டை போல மேடும் பள்ளமுமாக இருக்கும் ஃபோம், தொங்கும் திரை, அலங்காரத் துணி எதுவானாலும் தீப்பரவல் சோதனைச் சான்றைக் கேட்க வேண்டும். சான்று இல்லையென்றால் கழற்ற வேண்டும். இதற்கு முப்பது நாள் கெடு கொடுப்பது தவறு.

சமையலறையில் பார்க்க வேண்டியவை சில: புகைக்கூண்டு வடிகட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு, எண்ணெய் பொரிக்கும் சட்டியிலிருந்து 9 மீட்டருக்குள் சமையல் எண்ணெய்த் தீக்கான கே வகைத் தீயணைப்பான், தானியங்கித் தீயணைப்பு அமைப்பு இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ். கொதிக்கும் எண்ணெய் மீது தண்ணீர் கூடவே கூடாது. மின்பலகைக்கு முன் 90 சென்டிமீட்டர் காலியிடம் வேண்டும். இங்கேதான் எப்போதும் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும்.

ஸ்பிரிங்ளர், அதாவது தீயின் சூட்டில் தானே நீர் தெளிக்கும் அமைப்பு, இருக்கும் கட்டடத்தில் கூரையைப் பார்த்து நீர் தெளிக்கும் குமிழ்களை எண்ணுவதை விட வால்வு அறைக்குப் போவது முக்கியம். ஸ்பிரிங்ளர் வேலை செய்யாமல் போவதற்கு முதல் காரணம், பழுதுபார்க்க மூடிய வால்வை யாரும் திறக்காமல் விட்டது. வால்வு திறந்த நிலையில் சங்கிலியிட்டுப் பூட்டியிருக்க வேண்டும். ஊரில் பூட்டு இருக்க வேண்டிய ஒரே இடம் இது எனலாம். குமிழுக்குக் கீழே 45 சென்டிமீட்டர் வரை சரக்கு அடுக்கக் கூடாது. குமிழ் மேல் பெயிண்ட் பட்டிருந்தால் சுரண்டக் கூடாது, மாற்ற வேண்டும்.

அவசர விளக்கில் பொத்தானை அழுத்தி எரிகிறதே என்று போய்விடுகிறார்கள். மாதச் சோதனைக்கு 30 விநாடி போதும். ஆண்டுச் சோதனையில் பிரேக்கரை இறக்கி 90 நிமிடம் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். முதுமையடைந்த பேட்டரி முதல் சில நிமிடம் நன்றாகவே எரியும், பிறகு மங்கிவிடும். ஆய்வாளர் ஒன்றரை மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை. பிரேக்கரை இறக்கிவிட்டு மற்ற வேலையை முடித்துக் கடைசியில் வந்து பார்த்தால் போதும்.

இனி நோட்டீஸ். சேவையின் தரம் இங்கேதான் வெளிச்சமாகிறது. "தீப்பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்கவும்" என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. வாங்கியவருக்கு என்ன செய்வதென்று தெரியாது, வழக்குக்குப் போனாலும் நிற்காது. நல்ல நோட்டீஸ் இப்படி இருக்கும்: "தரைத்தளம், வடக்குப் பின்கதவு. உள்ளிருந்து பூட்டுச் சங்கிலி. விதி எண் இது. சங்கிலி இப்போதே, ஆய்வாளர் முன்னிலையில் அகற்றப்பட்டது. பேனிக் பார் 14 நாளில். மறு ஆய்வு இந்தத் தேதி." இடம், குறை, விதி, கெடு, மறு ஆய்வுத் தேதி ஆகிய ஐந்தும் வேண்டும், கூடவே ஒரு படம். கெடுவிலும் தரம் பிரிக்க வேண்டும். பூட்டிய கதவு, அடைத்த வழி, மூடிய வால்வு ஆகியவற்றுக்கு ஆய்வாளர் நிற்கும்போதே தீர்வு. சிலிண்டர் ரீஃபில், விளக்கு பேட்டரிக்கு ஒரு வாரம். கட்டட வேலை தேவைப்படுவதற்கு மட்டும் ஒரு மாதம். எல்லாவற்றுக்கும் ஒரே முப்பது நாள் போடும் அலுவலகம் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை.

மறு ஆய்வு நடக்காததற்கு ஆள் பற்றாக்குறையைச் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் ஏற்பாட்டைக் கொஞ்சம் மாற்றினாலே பாதி தீரும். சிலிண்டர் ரீஃபில் போன்றவற்றுக்கு ரசீதும் படமும் அனுப்பினால் போதும் என்று வைத்தால், அலுவலர் கதவுக்கும் வால்வுக்கும் மட்டும் நேரில் போகலாம். முதல் மறு ஆய்வு இலவசம், இரண்டாவதிலிருந்து கட்டணம் என்று வைத்தால் உரிமையாளர்களே முதல் முறையில் முடித்துவிடப் பார்ப்பார்கள். தெரிந்தவர் கடை என்ற தயக்கத்துக்குப் பக்கத்து டவுன்ஷிப்போடு அலுவலரை மாற்றிக்கொள்வது நல்ல மருந்து; ஆண்டுக்கு ஒரு வாரம் போதும். ஒவ்வொரு ஆய்வின்போதும் போன ஆண்டு அறிக்கை கையில் இருக்க வேண்டும். ஒரே குறை மூன்று ஆண்டு தொடர்ந்து எழுதப்பட்டு, அபராதமோ மூடல் உத்தரவோ வரவில்லை என்றால், அந்தச் சான்றுக்குக் கட்டிய பணம் தண்டம்.

ஓர் இரவு ஆய்வுக்கு மட்டுமே ஆள் கிடைக்கும் டவுன்ஷிப்பாக இருந்தால், அந்த இரவைக் கூட்டம் அதிகம் சேரும் கூடத்துக்குக் கொடுங்கள். நிகழ்ச்சி தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, சொல்லாமல், கையில் எண்ணும் கருவியோடு போய், தலைகளை எண்ணிவிட்டு, மேடைக்குப் பின்னால் இருக்கும் கதவை ஒரு கையால் தள்ளிப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் இசையை நிறுத்தச் சொல்லி, திறந்த பிறகு தொடரச் சொல்லுங்கள்.