பழைய விக்ராந்த், புதிய விக்ராந்த்

இந்திய விமானந்தாங்கிக் கப்பல்கள் இரண்டுக்கு விக்ராந்த் என்று பெயர். ஆர்11 என்ற அடையாள எண்கூட ஒன்றே.

முதல் கப்பல், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டன் கட்டத் தொடங்கி பாதியில் நிறுத்திய ஹெர்குலிஸ். இந்தியா 1957-ல் வாங்கி, 1961-ல் படையில் சேர்த்தது. 1971 போர் நெருங்கியபோது அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாது. அப்படியிருந்தும் அதன் சீ ஹாக் விமானங்கள் அன்றைய கிழக்கு பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின.

2022-ல் சேர்ந்த புதியது கொச்சியிலேயே கட்டியது. பழையது 213 மீட்டர், இது 262. எடை இரண்டு மடங்குக்கும் மேல். பழையதில் நீராவி விசை விமானத்தை உந்தி எறியும். இதில் முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த தளத்தில் ஓடி, மிக்-29கே போர் விமானம் தன் சொந்த எஞ்சின் பலத்தில் எழும்ப வேண்டும்.

பலம் என்று பார்த்தால் போட்டியே இல்லை, புதியதுதான். ஆனால் பெயருக்கு மதிப்பைச் சம்பாதித்துக் கொடுத்தது பழையது. மும்பையில் அருங்காட்சியகமாக நின்ற அதை 2014-ல் உடைத்தார்களே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை.