அழுத்த அலகு மாற்றிச் செயலி: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

குளிர்சாதனப் பராமரிப்பு என் தொழில். இயந்திரத்தின் குழாய்களில் இணைத்து அழுத்தம் பார்க்கும் என் மேனிஃபோல்டு கேஜ் பிஎஸ்ஐயில், அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று, காட்டும். இயந்திரங்களோடு வரும் கையேடுகளிலோ அழுத்தம் சில இடங்களில் பாரிலும், சில இடங்களில் மெகாபாஸ்கலிலும், பழைய கையேடுகளில் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்றும் கொடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் தாளை எடுத்துக் கணக்குப் போட முடியாது என்பதால், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கைபேசியில் ஓர் அலகு மாற்றிச் செயலியை நிறுவிக்கொண்டேன். கைபேசி மூன்று முறை மாறியும் செயலி மாறவில்லை.

கணக்கில் அது ஒரு முறைகூடத் தவறியதில்லை. தவறவும் பெரிதாக வழியில்லை. ஒரு பவுண்டு என்பது 0.45359237 கிலோகிராம், ஓர் அங்குலம் என்பது 2.54 சென்டிமீட்டர் என்று 1959-இலேயே அந்த அலகுகளைப் புழங்கிய நாடுகள் ஒப்புக்கொண்டுவிட்டதால், பிஎஸ்ஐக்கும் பாஸ்கலுக்கும் உள்ள உறவு இப்போது ஆய்வகத்தில் அளந்து பார்க்க வேண்டியதன்று, வரையறையிலிருந்தே வருவது. ஒரு பிஎஸ்ஐ 6.894757 கிலோபாஸ்கல், ஒரு பார் 14.5038 பிஎஸ்ஐ. வெப்பநிலையில் செய்வதுபோல 32-ஐக் கூட்டிக் கழிக்கும் வேலைகூட இல்லை, வெறும் பெருக்கல்தான். ஆகவே எந்தச் செயலி நல்லது என்று கேட்கும் உடன் பணியாளர்களிடம், எதை வைத்துக்கொண்டாலும் ஒன்றுதான் என்றே சொல்லி வருகிறேன். நான் பட்ட பாடெல்லாம் எண்ணைச் செயலியில் இடுவதற்கு முன்னும், விடையை எடுத்துக்கொண்ட பின்னும் நேர்ந்தவை.

இரண்டாம் ஆண்டில் நடந்தது இன்னும் மறக்கவில்லை. ஆர்134ஏ என்னும் குளிர்பதன வாயுவில் ஓடும் ஒரு குளிர்விப்பான் சரியாகக் குளிரவில்லை என்று அழைத்திருந்தார்கள். சக்ஷன் பக்கத்தில், அதாவது கம்ப்ரசர் வாயுவை உள்ளிழுக்கும் பக்கத்தில், கேஜ் 28 பிஎஸ்ஐ காட்டியது. செயலியில் இட்டதும் 1.93 பார் என்று வந்தது. எந்த அழுத்தத்தில் வாயு எந்த வெப்பநிலையில் கொதிக்கும் என்று காட்டும், கையில் இருந்த அழுத்த-வெப்பநிலை அட்டவணை பாரில் இருந்ததால், 1.93-க்கு நேரே விரலை வைத்துப் பார்த்தேன்: ஏறக்குறைய மைனஸ் 11 டிகிரி. குளிரைத் தரும் சுருளான எவாப்பரேட்டர் அவ்வளவு தாழ்ந்த வெப்பநிலையில் ஓடுகிறதென்றால் வாயு குறைந்திருக்கிறது என்று நானே முடிவு கட்டி, சிலிண்டரைத் திறந்து ஏற்றத் தொடங்கினேன். சிறிது நேரத்தில் கம்ப்ரசர் வாயுவை வெளித்தள்ளும் டிஸ்சார்ஜ் பக்கத்தில் அழுத்தம் ஏறி, ஹை பிரஷர் கட்அவுட் என்னும் பாதுகாப்புச் சுவிட்சு கம்ப்ரசரை நிறுத்திவிட்டது. அப்போதுதான் அட்டவணையின் தலைப்பை ஒழுங்காகப் படித்தேன். அதில் இருந்தவை அப்சொல்யூட் அழுத்தங்கள், அதாவது முழு வெற்றிடத்தைச் சுழியமாக வைத்து எண்ணியவை. என் கேஜோ சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைச் சுழியமாக வைத்துக் காட்டுவது. 28-உடன் காற்றின் அழுத்தமான 14.7-ஐக் கூட்டிய பிறகே பாருக்கு மாற்றியிருக்க வேண்டும். அப்படிச் செய்தால் 2.94 பார், அட்டவணையில் ஏறத்தாழ 0 டிகிரி. வாயு போதுமான அளவு இருந்தது. வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர் சுருளில் தூசி அடைத்திருந்ததுதான் கோளாறு. ஏற்றிய வாயுவைத் திரும்ப மீட்டெடுக்க அரை நாள் போயிற்று.

அந்த 14.7-கூடக் கடல் மட்டத்துக்குரிய எண்தான். 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 12.3 பிஎஸ்ஐக்கு இறங்கிவிடும். இதையெல்லாம் செயலி கேட்பதில்லை. பிஎஸ்ஐ என்று ஒரே வரிதான் அதில் இருக்கிறது. கேஜா அப்சொல்யூட்டா என்று ஒரு சிறு கேள்வி கேட்டால் போதும். இந்த ஒன்பது ஆண்டில் அதன்மேல் எனக்குள்ள பெரிய குறை இதுவே.

மெகாபாஸ்கலில் வரும் இடறல் வேறு வகை. நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்க்கும் அழுத்தம் 4.15 என்று கையேட்டில் இருந்ததை என்னோடு வந்த இளைஞர் பார் என்று எடுத்துக்கொண்டு, 60 பிஎஸ்ஐயில் சோதனையை முடித்துவிட்டார். அது மெகாபாஸ்கல், அதாவது 602 பிஎஸ்ஐ. பத்து மடங்கு வித்தியாசம் என்பதால் பின்னால் பிடிபட்டது. சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்பதைக் கிலோ என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் அலகுக்கும் பாருக்கும் இடையில் இரண்டு சதவீதமே வேறுபாடு. 7 கிலோ 99.6 பிஎஸ்ஐ, 7 பார் 101.5 பிஎஸ்ஐ. சாதாரண வேலையில் அது முள்ளின் தடிப்புக்குள் அடங்கிவிடும்.

விடையில் வரும் தசம இலக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 120 பிஎஸ்ஐயை இட்டால் செயலி 8.273709 பார் என்கிறது. 16 பார் வரை அளவிட்ட, 1.6 துல்லிய வகுப்பைச் சேர்ந்த (அதாவது முழு அளவில் 1.6 சதவீதம் வரை பிழை இருக்கலாம் என்ற) கேஜ் ஒன்றுக்கு, எந்த இடத்திலும் கால் பார் அளவு கூடவோ குறையவோ காட்டும் உரிமை உண்டு. அப்படிப்பட்ட கேஜில் படித்த எண்ணுக்கு ஆறு இலக்கத் துல்லியம் எங்கிருந்து வரும்? நான் 8.3 என்று மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

ஏணியின் உச்சியில், கையுறையோடு, கைபேசியைத் தொட முடியாத நேரங்களில் மனக்கணக்கே துணை. பாரை 15-ஆல் பெருக்கி, அந்தப் பாரில் பாதியைக் கழித்தால் பிஎஸ்ஐ வந்துவிடும்: 6 பாருக்கு 90, அதில் 3 போக 87. பிஎஸ்ஐயைக் கிலோபாஸ்கலாக்க 7-ஆல் பெருக்கி, நூற்றுக்கு ஒன்றரை வீதம் தள்ளினால் போதும். 100 பிஎஸ்ஐக்கு 700, அதில் 10.5 போக 689.5. செயலியும் இதே விடையைத்தான் தருகிறது.

குழாய்களிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் வேலைக்கு மட்டும் செயலியைத் திறப்பதையே விட்டுவிட்டேன். அதில் மைக்ரான் என்று தேடினால் நீள அலகுதான் வருகிறது; நாங்கள் சொல்லும் மைக்ரானோ பாதரச மட்டத்தில் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. 500 மைக்ரானைப் பிஎஸ்ஐயாக்கினால் 0.0097 என்று வரும். அதை மேனிஃபோல்டு கேஜில் படிக்க முடியாது. 5000 மைக்ரானிலேயே முள் அடித்தட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே வாக்குவம் கேஜில் மைக்ரானில் படித்ததை வேலைத்தாளிலும் மைக்ரான் என்றே எழுதிவிடுகிறேன்.