ஒன்றரை ஏக்கரா, எட்டு ஏக்கரா: வடாற்காட்டு நெல் சாகுபடியில் எது சிக்கனம்?

ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்ற ஒரே கேள்வியோடு ஒப்பீட்டை முடித்துக்கொண்டால், ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவரே பெரும்பாலும் முன்னிற்பார். 1950-களின் பண்ணை மேலாண்மை ஆய்வுகளில், நிலம் சிறுக்கச் சிறுக்க ஏக்கர் விளைச்சல் கூடுவது தென்பட்டது. சிறு நிலத்தில் குடும்பத்தார் கூலி பாராமல் உழைப்பதை வைத்து 1962-இல் பொருளியலாளர் அமர்த்தியா சென் அதை விளக்கினார். பிரிக்கப்படாத வடாற்காட்டில் (இன்றைய வேலூர், திருவண்ணாமலைப் பகுதி) 1970-களிலும் 1980-களிலும் நடந்த கிராம ஆய்வுகளும், புதிய நெல் ரகங்களைப் பயிரிடுவதில் சிறு விவசாயிகள் தொடக்கத்தில் பின்தங்கினாலும் பிறகு பெரியவர்களை எட்டிப்பிடித்ததைக் காட்டின.

ஆனால் அந்தக் குடும்ப உழைப்புக்கு ஊர்க் கூலியைக் கணக்கிட்டால் சிறியவரின் லாபம் வெகுவாகக் குறைகிறது. மணிக்கணக்கில் வாடகை வாங்கும் அறுவடை இயந்திரம், வரப்புகள் நெருங்கிய துண்டு வயல்களில் திரும்புவதிலேயே நேரத்தைக் கழிப்பதால், இயந்திரச் செலவில் எட்டு ஏக்கர்க்காரருக்கே அனுகூலம்.

என் பார்வையில், தீர்ப்பு தண்ணீரில்தான் இருக்கிறது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் இப்பகுதியில், நவரை, சொர்ணவாரி ஆகிய நெல் பருவங்களுக்குப் பெரிதும் கிணற்றையே நம்ப வேண்டியிருக்கிறது. திருந்திய நெல் சாகுபடியில் ஏக்கருக்கு 3 கிலோ விதையும் 14 நாள் நாற்றும் போதும். மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்த பிறகு மறுபடி நீர் கட்டும் காய்ச்சலும் பாய்ச்சலும்தான் அதில் தண்ணீரை மிச்சப்படுத்துகிறது. இதைச் செய்ய நீர் நம் கையில் இருக்க வேண்டும். அண்ணன் தம்பி பங்கில் கூட்டுக் கிணறு வைத்திருக்கும் சிறு விவசாயியோ, தன் முறை வரும் நாளில் மும்முனை மின்சாரமும் இருந்தால்தான் பாய்ச்ச முடியும் என்பதால், அடுத்த முறையை நம்பாமல் வயலை நிரப்பிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனிக் கிணறு உள்ள பெரியவரால் வேண்டியபோது பாய்ச்சவும் நிறுத்தவும் முடியும். ஆனால் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால், மோட்டாரை நிறுத்துவதால் அவருக்குக் கையில் மிஞ்சும் காசு எதுவும் இல்லை. நீர்மட்டம் இறங்கும்போது இருவரும் சேர்ந்தே இழக்கிறார்கள். கிணற்றை ஆழப்படுத்தப் பணமில்லாத சிறியவர் முதலில் இழக்கிறார்.

ஆகவே நிலங்களை ஒன்றாக்கிப் பெரிதாக்கச் சொல்லும் யோசனையை நான் ஏற்கவில்லை. ஒரே கிணற்றுப் பாசனத்தில் உள்ள பங்காளிகள் கோ 51 போன்ற ஒரே குறுகிய கால ரகத்தை, பொது நாற்றங்காலில் விட்டு ஒரே வாரத்தில் நட்டால், முறையைப் பயிரின் தேவைக்கேற்ப வகுத்துக்கொள்ளலாம், அறுவடை இயந்திரத்தையும் ஒரே தடவையில் இறக்கலாம்.