மஸ்கெலியா பலசரக்குக் கடைக்கு கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்: இலவசம்தான், ஆனால் சும்மா போட்டு வைத்தால் வேலை செய்யாது

"கடையை கூகுளில் முன்னுக்குக் கொண்டுவர எவ்வளவு செலவாகும்?" என்று எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு சதமும் வேண்டாம். கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையின் பெயர், நம்பர், திறக்கும் நேரம், படம் எல்லாம் காட்டுகிற கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் என்ற இலவச சேவை இருக்கிறது. 2014இல் கூகுள் மை பிசினஸ் என்ற பெயரில் வந்து, 2021இல் இந்தப் பெயருக்கு மாறியது. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா டவுனில் இருக்கும் மாமாவின் பலசரக்குக் கடைக்கு இதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், அதை வைத்துத்தான் இந்த விமர்சனம். ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

மாமாவுக்கு ஆரம்பத்தில் இதில் நம்பிக்கையே இல்லை. "தோட்டத்து ஆளுங்க கொப்பியில எழுதிட்டுப் போயி சம்பளத்துக்குத்தான் தீர்க்கிறாங்க, அவங்க கூகுள்ல தேடியாடா நம்ம கடைக்கு வர்றாங்க?" என்றார். அவர் சொன்னது சரிதான், அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். பரம்பரையாகக் கடன் கொப்பி வைத்திருக்கும் குடும்பத்துக்கு இந்தச் சேவையால் எதுவும் மாறப்போவதில்லை. இது ஊரைத் தெரியாதவர்களுக்கு: சிவனொளிபாதமலைக்குப் போகிற யாத்திரிகர்கள், மலையடிவாரத்து நல்லதண்ணி பக்கம் தங்குகிற வெள்ளைக்காரர்கள், புதிதாக மாற்றலாகி வந்து எங்கே என்ன கிடைக்கும் என்று தெரியாமல் நிற்கிற ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள்.

இவர்களோடு இன்னொரு கூட்டமும் உண்டு, அதை நான் எதிர்பார்க்கவில்லை. அப்கட், சாமிமலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள். அம்மா தோட்டத்து லயன் வீட்டில் தனியாக இருப்பார், முழங்கால் வலியோடு டவுனுக்கு வந்து அரிசி தூக்கிப்போக முடியாது, பிள்ளைக்குக் கடையின் பெயர் ஞாபகம் இருக்கும், நம்பர் இருக்காது. கூகுளில் தேடி, நம்பரைத் தட்டி, "முதலாளி, அம்மாவுக்கு அரிசி, பருப்பு, கோதுமை மா, நெத்தலி கொஞ்சம், ஓட்டோவில் அனுப்பிவிடுங்க, காசு வங்கியில் போடுறேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். முன்பு இந்த வேலைக்கு யாராவது ஊருக்குப் போகிறவர்களைப் பிடித்து காசு கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. இந்த ஒரு விஷயத்துக்காக மட்டுமே கூட நான் இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேன்.

சரி, வேலைக்கு வருவோம். புதிதாகச் சேர்க்கும் முன் கூகுள் மேப்பில் உங்கள் கடைப் பெயரைத் தேடிப் பாருங்கள், யாராவது ஏற்கனவே போட்டிருக்கலாம். எங்கள் கடையை யாரோ ஒரு புண்ணியவான் போட்டுத்தான் வைத்திருந்தார், பெயரில் எழுத்துப்பிழையோடு, குறியை மவுசாகலை நீர்த்தேக்கத்துப் பக்கம் தள்ளி. பழைய மஸ்கெலியா டவுன்தான் நீர்த்தேக்கத்துக்குள் போனது, தண்ணீர் வற்றினால் கோவில் தெரிகிறதென்று பார்க்கப் போகிறோம், புது டவுனில் இருக்கிற கடையையுமா அங்கே அனுப்ப வேண்டும்? அப்படி இருந்தால் இன்னொன்று புதிதாகத் தொடங்காமல், அதையே 'இது என் கடை' என்று உரிமை கோரி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே கடைக்கு இரண்டு பதிவு இருந்தால் ஆட்கள் போடும் மதிப்புரையும் படமும் இரண்டாகப் பிரிந்துபோகும்.

அடுத்தது, கடை உங்களுடையதுதான் என்று கூகுளுக்கு உறுதிப்படுத்துவது. முன்பெல்லாம் தபால் அட்டையில் குறியீட்டு எண் வரும் என்று காத்திருப்பார்கள். இப்போது பலருக்கும் வீடியோதான் கேட்கிறது. வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். வீதியும் பக்கத்துக் கட்டடமும் தெரிய வேண்டும், பெயர்ப்பலகை தெரிய வேண்டும், பிறகு நீங்கள்தான் கடையை நடத்துகிறீர்கள் என்பதற்கு ஏதாவது ஒன்று: ஷட்டர் பூட்டைத் திறப்பது, காசு லாச்சியைத் திறப்பது, பி.ஆர். சர்டிபிகேட்டை (வியாபாரப் பதிவுச் சான்றிதழை) காட்டுவது மாதிரி. மாமா லாச்சியைத் திறக்கும்போது அன்றைய வியாபாரம் மொத்தமும் வீடியோவில் தெரிந்தது, அதற்கு ஒரு பெரிய முறைப்பு வாங்கினேன். மழைக்காலத்தில் மதியத்துக்குப் பிறகு பனிமூட்டத்தில் எதிர்க்கடையே தெரியாது, பெயர்ப்பலகை எங்கே தெரியும், அதனால் காலையிலேயே எடுத்துவிடுங்கள்.

பெயர் போடும் இடத்தில் பலகையில் இருப்பதை மட்டும் போடுங்கள். 'மஸ்கெலியாவில் மலிவு விலை சிறந்த பலசரக்கு' என்றெல்லாம் பெயரோடு ஒட்டினால் அது கூகுளின் விதிக்கு எதிரானது, பதிவையே முடக்கலாம். தேடுகிறவருக்குப் பொருந்துவதற்கு வகை என்ற பகுதி இருக்கிறது: முதன்மை வகை ஒன்று, அதற்கு மேல் ஒன்பது வரை கூடுதலாகச் சேர்க்கலாம். பலசரக்குக் கடையை சூப்பர் மார்க்கெட் என்று போட்டால் கௌரவமாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள், தள்ளுவண்டியும் குளிர்சாதனமும் எதிர்பார்த்து வருகிறவர் வாசலிலேயே முகத்தைச் சுருக்குவார், அவ்வளவுதான் லாபம். விவரிப்புக்கு 750 எழுத்து இடம் உண்டு. அதில் 'தரம்', 'நம்பிக்கை' என்று எழுதி வீணாக்காமல், தோட்டங்களுக்கு ஓட்டோவில் சாமான் அனுப்புவோம், போனுக்கு ரீலோட் உண்டு, மெழுகுவர்த்தி கற்பூரம் உண்டு என்று எழுதினோம். கடைக்குள் இருக்கிற ராக்கைகளைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போட்டால், வருகிறவருக்கு என்ன கிடைக்கும் என்று தானாகப் புரியும்.

எங்கள் ஊரில் இந்தச் சேவையின் உயிரே நேரம் போடும் பகுதியில்தான் இருக்கிறது. சிவனொளிபாதமலை சீசன் டிசம்பர் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடியும். ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக பஸ்ஸும் வேனும் இரவெல்லாம் ஓடும், சூரிய உதயம் பார்க்க வேண்டுமே, விடிவதற்கு வெகு முன்பே இருட்டில் ஏறத் தொடங்கினால்தான் முடியும். குளிருக்குத் தொப்பி, தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், தலைவலி மாத்திரை என்று அவர்கள் தேடுவது இரவில். அந்த நேரத்தில் எங்கள் கடை திறந்திருக்கும், ஆனால் மேப்பில் 'மூடப்பட்டுள்ளது' என்று இருந்தால் வேன் நிற்காமல் போய்விடும். சாதாரண நாளுக்குப் போட்ட நேரத்தை சீசன் தொடங்கியதும் மாற்ற வேண்டும், முடிந்ததும் திரும்ப மாற்ற வேண்டும். போயா, தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி மாதிரி நாட்களுக்கு சிறப்பு நேரம் என்று தனியாகப் போடலாம். போடாவிட்டால் விடுமுறை நாட்களில் 'நேரம் மாறக்கூடும்' என்று காட்டி ஆளைக் குழப்பும். ஜூலை மழையில் கடையை ஏழு மணிக்கே சாத்திவிட்டு, மேப்பில் நடுச்சாமம் வரை திறந்திருப்பதாகக் காட்டினால் ஈரத்தோடு வந்து நிற்கிறவர் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார், அதில் நியாயமும் இருக்கிறது.

ஆட்கள் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடிக் கடையைக் கண்டார்கள் என்று செயல்திறன் பகுதி காட்டும். எனக்குப் பிடித்தது இதுதான். எங்களுக்கு 'குரோசரி நியர் மீ' வருகிறது, சிங்களத்தில் தேடியது வருகிறது, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தது வருகிறது, கடைப் பெயரை ஆளுக்கொரு மாதிரி எழுதியதும் வருகிறது. குறைவாகத் தேடப்பட்ட சொல்லுக்குச் சரியான எண்ணிக்கை தராமல் 15க்குக் கீழே என்று மட்டும் போடும், சின்ன ஊர்க் கடைக்கு பெரும்பாலும் அந்த வரிகள்தான். எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்பதும் இருக்கும். மாமா இப்போது மாதத்துக்கு ஒருமுறை "எத்தனை பேருடா வழி கேட்டிருக்கான்?" என்று அவராகவே கேட்கிறார்.

மதிப்புரை விஷயத்தில் இரண்டு செய்தி. கடைக்காரர் தனக்குப் பிடிக்காததை அழிக்க முடியாது, விதியை மீறியிருந்தால் முறையிடலாம், மற்றபடி பதில்தான் எழுதலாம். நல்ல மதிப்புரைக்கு ஈடாக தள்ளுபடியோ ஒரு பாக்கெட் பிஸ்கட்டோ கொடுப்பதும் விதிப்படி கூடாது. மதிப்புரைக்கான இணைப்பையும் க்யூஆர் குறியீட்டையும் ப்ரொஃபைலே தருகிறது, அதை அச்சடித்து மேசையில் ஒட்டியிருக்கிறோம். விருப்பமானவர் எழுதட்டும். தமிழில் எழுதினால் தமிழிலும் சிங்களத்தில் எழுதினால் சிங்களத்திலும் பதில் போடுகிறேன், சிங்களத்துக்கு கடையில் வேலை செய்கிற சிங்களத் தம்பியிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான்.

இனி ஏஜென்ட்மார். கொழும்பிலிருந்து ஒருவர் போன் எடுத்து, மாதாமாதம் காசு கட்டினால் கூகுளில் முதலிடம் உத்தரவாதம் என்றார். அப்படி உத்தரவாதம் தர யாராலும் முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. உள்ளூர்த் தேடலில் வரிசையைத் தீர்மானிப்பதாக அது சொல்வது மூன்று விஷயம்: தேடியதற்குக் கடை எவ்வளவு பொருந்துகிறது, தேடுகிறவருக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது, எவ்வளவு பேருக்குத் தெரிந்த கடை. இதில் தூரத்தை எந்த ஏஜென்ட் குறைப்பார்? ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்று பலசரக்குக் கடை தேடுகிறவருக்கு ஹட்டன் கடைதான் முதலில் வரும், வரவும் வேண்டும். இந்த வரிசையில் மேலே போகக் கூகுளுக்குக் காசு கட்டவும் வழியில்லை, விளம்பரம் வேறு கணக்கு. அவர் அனுப்பிய விலைப்பட்டியலில் 'மெட்டா கீவேர்ட்ஸ்' (இணையப் பக்கத்துக்குள் மறைவாக எழுதி வைக்கும் தேடல் சொற்கள்) என்று ஒரு வரிக்குத் தனிக் காசு போட்டிருந்தார், அதை வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. அதுவும் இணையதளமே இல்லாத கடைக்கு!

குறைத்த அந்த ஒரு புள்ளிக்குக் காரணம், இதில் உள்ள வசதிகளை நிரந்தரம் என்று நம்ப முடியாது. ப்ரொஃபைலோடு இலவசமாகச் செய்துகொள்ள முடிந்த சின்ன இணையதளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன, அரட்டை வசதி அதே வருடம் ஜூலையோடு போனது. காசு கொடுக்காமல் எடுக்கிற சேவையில் சண்டை போடவும் முடியாது. அதனால் போன் நம்பர், பேஸ்புக் பக்கம், வாசலில் பலகை எல்லாம் இருக்கட்டும், முழுப் பாரத்தையும் இதன்மேல் ஏற்ற வேண்டாம். அப்புறம் ஃபோனில் இதைப் பழகாத முதலாளிமாருக்கு வீட்டில் ஓ லெவல் படிக்கிற பிள்ளை ஒன்று கட்டாயம் தேவைப்படும்.

இன்னும் ஒன்று. யாரிடம் செய்யக் கொடுத்தாலும் ப்ரொஃபைலை உங்கள் சொந்த ஜிமெயிலில் தொடங்குங்கள், உதவி செய்கிறவரை மேனேஜராக மட்டும் சேருங்கள், ஓனராக வேண்டாம். எங்கள் பஜாரில் ஒரு கடையின் ப்ரொஃபைலை ஏஜென்ட் தன் ஜிமெயிலில் செய்துவிட்டு, காசு நின்றதும் போனையும் எடுப்பதில்லை. கடைக்காரரால் தன் கடை நம்பரைக்கூட மாற்ற முடியவில்லை. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் மேப்பில் கடையைத் திறந்து உரிமை கோருங்கள், இப்போது உரிமை வைத்திருப்பவருக்குப் பதில் சொல்ல மூன்று நாள் கொடுப்பார்கள், அவர் வாயே திறக்காவிட்டால் நீங்களே எடுத்துக்கொள்ள வழி காட்டுவார்கள். வீடியோ கேட்டால் பி.ஆர். சர்டிபிகேட்டும் கடைச் சாவியும் கையில் இருக்கட்டும்.