லைட்டர் காட்டி விற்கும் 'தீப்பிடிக்காத' கவரால்: ஃபவுண்டரிக்காரர்கள் கவனத்துக்கு

கோவை சுற்றுவட்டாரத்தில் ஃபவுண்டரி, வெல்டிங் ஷாப் வைத்திருப்பவர்களும், அங்கே பர்சேஸ், சேஃப்டி பார்ப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எஃப்ஆர் (தீ பரவாத) கவரால், அதாவது உடல் முழுக்க மூடும் வேலை உடுப்பு என்று சொல்லி, தண்ணீரில் கரைந்து போகிற உப்பில் முக்கிய சாதாரணக் காட்டன் துணியை எங்களுக்கு விற்றிருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு இரும்பு ஊற்றிய ஒருவருக்கு முன்கை வெந்துவிட்டது.

நான் அரசூர் பக்கம் இரும்பு வார்ப்பு செய்யும் கம்பெனியில் சேஃப்டி பார்க்கிறேன். டீலர் நேரில் வந்தார். பையிலிருந்து நீலநிறக் கவரால் ஒன்றை எடுத்து, கால் மடிப்பில் லைட்டரைப் பிடித்தார். துணி கறுத்துப் புகைந்தது. லைட்டரை விலக்கியதும் தீ அணைந்தது. "பாருங்க சார், அராமிட் ஒரு செட் வாங்கற காசுல இதுல மூணு எடுத்துக்கலாம்" என்றார். அராமிட் என்பது இழையே தீயைத் தாங்கும் விலை அதிகமான துணி. முதலாளியும் பார்த்தார், ஃபர்னஸ் அண்ணன்களும் கூடி நின்று பார்த்தார்கள். டெஸ்ட் ரிப்போர்ட் என்று ஒரு நகலும் கொடுத்தார். அட்வான்ஸ் போனது, சரக்கு வந்தது.

முதலில் தெரிந்தது வேர்வைதான். முதுகிலும் அக்குளிலும் வெள்ளையாகப் பூத்தது. வேர்வை உப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கவரால்கள் சில தடவை துவைத்து வந்த பிறகு ஒருநாள், ஈரம் சரியாகக் காயாத ஒரு மோல்டில் ஊற்றும்போது இரும்பு கொதித்துத் தெறித்தது. ஒரு துளி ஒருவருடைய கைப்பட்டியில் விழுந்தது. தீ அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை, முழங்கை வரைக்கும் ஏறியது. பக்கத்தில் நின்ற அண்ணன் லெதர் கிளவுஸோடு அமுக்கி அணைத்தார். கொப்புளங்கள் ஆற வெகுநாள் ஆனது.

அந்தக் கவராலின் கைப்பகுதியை வெட்டி எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தேன். துணி போன இடம் ஒருபுறம், தையல் இன்னொரு புறம். தையல் நூல் உருகிக் கறுப்பு மணிமணியாகக் கெட்டிப்பட்டிருந்தது. தையல் நீளத்துக்கும் வாய் பிளந்து கிடந்தது. போட்டிருந்தது பாலியஸ்டர் நூல், அது 260 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடும். துணி நல்லதாகவே இருந்தாலும் இந்த நூலுக்குக் கை திறந்துதான் இருக்கும்.

பிறகு ஸ்டோரில் பிரிக்காமல் இருந்த ஒரு கவராலில் இரண்டு பட்டை வெட்டினேன். ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு, இன்னொன்றை வெந்நீரில் ஊறவைத்து அலசிக் காயவைத்தேன். ஊறிய தண்ணீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்ததில், அடியில் வெள்ளையாகப் பொடி தங்கியது. இரண்டு பட்டைக்கும் கீழ் விளிம்பில் பத்து விநாடி தீ காட்டினேன். அலசாதது, டீலர் காட்டிய மாதிரியே கறுத்து அணைந்தது. அலசியது மேல்வரை சரசரவென்று எரிந்து சாம்பலானது.

இது ஏன் இப்படி என்று புரிய, இந்தத் துணி எப்படித் தயாராகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு வகையில் இழையே எரியாது. டூபாண்ட் 1967-ல் சந்தைக்குக் கொண்டுவந்த நோமெக்ஸ் போன்ற மெட்டா அராமிட் அந்த ரகம். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். காட்டன் எரிய 18 சதவீதமே போதும், மெட்டா அராமிடுக்கோ 28 சதவீதமாவது வேண்டும். அதனால் தீயை எடுத்ததும் அதுவாக அணைகிறது. குணம் இழையிலேயே இருப்பதால் எத்தனை தடவை துவைத்தாலும் போகாது.

இன்னொரு வகை, பதப்படுத்திய காட்டன். ப்ரோபன் என்ற பெயரில் பலரும் கேட்டிருப்பீர்கள். பாஸ்பரஸ் சேர்மமும் யூரியாவும் சேர்ந்த கரைசலில் துணியை முக்கிப் பிழிந்து, அளவாக உலர்த்தி, அம்மோனியா வாயு நிறைந்த அறைக்குள் ஓட்டுவார்கள். கரைசல் பஞ்சிழைக்கு உள்ளேயே பாலிமராக இறுகிவிடும். அப்புறம் ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்து அதை நிலைப்படுத்தி, நன்றாக அலசி எடுப்பார்கள். தீ படும்போது பாஸ்பரஸ் அமிலமாக மாறி, பஞ்சிலிருந்து தண்ணீரைப் பிரித்து, துணியைக் கரியாக்கிவிடும். எரியக்கூடிய வாயு அதிகம் கிளம்பாது, தீ பரவ வழியில்லை. முறையாகச் செய்த துணி 50 துவைப்புக்கு மேல் தாங்கும். அம்மோனியா அறை, பெராக்சைடு, அலசல் எல்லாவற்றுக்கும் இயந்திரமும் ஆளும் வேண்டும். அதனால்தான் விலை.

எங்களுக்கு வந்தது இரண்டும் இல்லை. போராக்ஸ், போரிக் அமிலம், டைஅம்மோனியம் பாஸ்பேட் மாதிரியான உப்புகளைத் தண்ணீரில் கரைத்து, துணியை முக்கிக் காயவைத்தால் அதுவும் லைட்டருக்கு அணையும். மேடைத் திரைபோலத் துவைக்காத துணிக்கு அந்த முறை சரி. உலைக்கு முன்னால் தினமும் வேர்வையில் ஊறி, அடிக்கடி துவைக்கப்படும் உடுப்புக்கு அது துரோகம். இதை விற்றவருக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. தெரிந்துதான் புதுத் துணியில் மட்டும் தீ காட்டினார்.

ரிப்போர்ட்டையும் அப்போதுதான் வரிவரியாகப் படித்தேன். அதில் இருந்த துணி சதுர மீட்டருக்கு 330 கிராம். எங்கள் துணியில் பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் வெட்டி, நகைக்கடைத் தராசில் வைத்தால் 2.2 கிராம். நூறால் பெருக்கினால் 220. அந்த ரிப்போர்ட் வேறு யாருடைய துணிக்கோ எடுத்தது.

டீலருக்குப் போன் போட்டோம். "ப்ளீச் போட்டுத் துவைச்சிருப்பீங்க சார், அதான்" என்றார். ப்ளீச் போட்டால் நல்ல ப்ரோபன் துணியும் கெடும் என்பது உண்மை. ஆனால் எங்கள் துணியைத் துவைப்பவர் சாதாரண சோப்புத்தூள்தான் போடுகிறார். நான் அலசியது வெறும் வெந்நீரில். பில்லைப் பார்த்தால் 'காட்டன் கவரால்' என்று மட்டும் இருக்கிறது. எஃப்ஆர் என்றோ ஸ்டாண்டர்ட் எண்ணோ ஒரு எழுத்து இல்லை. இப்போது அவர் போன் எடுப்பதில்லை. பணம் இன்னும் திரும்பவில்லை.

வாங்கப் போகிறவர்கள் ஆர்டரிலும் பில்லிலும் ஸ்டாண்டர்ட் எண்ணை எழுதி வாங்குங்கள். வெப்பத்தில் வேலை செய்பவர்களின் உடுப்புக்கு நம் நாட்டில் ஐஎஸ் 15748, சர்வதேச அளவில் ஐஎஸ்ஓ 11612. ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதிலிருக்கும் லைசென்ஸ் எண்ணை, அந்த முத்திரையைத் தரும் பிஐஎஸ் அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டால் யாருக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். ரிப்போர்ட்டில் துவைத்த பிறகு எடுத்த முடிவு இருக்கிறதா என்று பாருங்கள். வார்ப்பு வேலைக்கு இன்னொன்று: ஐஎஸ்ஓ 11612-ல் உருகிய அலுமினியத் தெறிப்புக்கு டி, உருகிய இரும்புக்கு ஈ என்று தனித்தனிக் குறியீடு உண்டு. விலை அதிகம் என்பதற்காக அராமிட் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. உருகிய உலோகம் தெறிக்கும் இடத்துக்குக் கனமான, முறையாகப் பதப்படுத்திய காட்டனே பல சமயம் நல்லது. ஈ குறியீடு இல்லாமல் இரும்பு ஊற்றும் ஆளுக்கு எதையும் வாங்காதீர்கள்.

சரக்கு வந்ததும் ஒன்றைப் பலியிடுங்கள். உங்கள் சோப்புத்தூளிலேயே நாலைந்து தடவை துவைத்து, வெட்டி, ஆள் இல்லாத திறந்த இடத்தில், வாளித் தண்ணீரோடு, இடுக்கியில் பிடித்துத் தீ காட்டுங்கள். தையல் நூலை உருவித் தனியாகக் காட்டுங்கள். அராமிட் நூல் கருகும், உருகிச் சொட்டாது. ஜிப், ரிஃப்ளெக்டிவ் பட்டை, பேட்ஜ் எம்பிராய்டரி நூல் எல்லாவற்றையும் பாருங்கள். இது லேப் டெஸ்டுக்கு ஈடாகாது, ஆனால் எங்களிடம் வந்த மாதிரிச் சரக்கு இதிலேயே மாட்டிக்கொள்ளும்.

அதே நீலக் கவரால் இந்தப் பக்கத்தில் இன்னும் சில ஷாப்களுக்குப் போயிருப்பதாகக் கேள்விப்பட்டேன். துணி வெள்ளையாகப் பூக்கிறது என்றால் இன்றைக்கே உலைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மெயின்டனன்ஸுக்கோ ஹெல்ப்பருக்கோ கொடுத்துவிட வேண்டாம், அவர்களும் கேஸ் கட்டிங் பக்கம் போவார்கள். நாங்கள் எங்களுடையதை, புகாருக்கு நாலு செட் மட்டும் சீல் வைத்துவிட்டு, மீதியைக் கையும் காலுமாக வெட்டி மெஷின் துடைக்கும் துணியாக்கிவிட்டோம்.