ஓடும் பெட்டியில் பார்கோடு: லேசரா, கேமராவா?

கன்வேயரில் ஓடும் பெட்டிகளுக்கு லேசர் ஸ்கேனர் வாங்கலாமா, கேமரா வாங்கலாமா என்று கேட்பவர்கள் முதலில் லேபிள் எந்தத் திசையில் ஒட்டப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

லைன் வேகம் நொடிக்கு 2 மீட்டர், லேசர் நொடிக்கு 500 முறை ஓடிப் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே பெட்டி 4 மி.மீ. நகர்ந்துவிடும். கோடுகள் ஏணிப்படி மாதிரி, பெட்டி போகும் திசையிலேயே படுத்திருந்தால், 20 மி.மீ. நீளக் கோடுகளை லேசர் சுமார் ஐந்து இடங்களில் வெட்டும். ஓரிடத்தில் கீறல் இருந்தாலும் இன்னோரிடம் காப்பாற்றும். கோடுகள் நிமிர்ந்து நின்றால், அவற்றைக் குறுக்கே வெட்ட லேசர் கிடையாக ஓட வேண்டும், எல்லா ஓட்டமும் ஒரே உயரத்தில்தான் விழும். அங்கே கீறல் இருந்தால் படிக்காது.

கேமராவுக்குத் திசை பிரச்சினை இல்லை, மங்கல்தான் பிரச்சினை. ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தாலே பெட்டி 2 மி.மீ. நகர்ந்திருக்கும். வழக்கமான அளவில் அச்சிட்ட இஏஎன் (கடைப் பொருள்களில் இருக்கும்) பார்கோடின் மெல்லிய கோடு 0.33 மி.மீ.தான், எல்லாம் கலங்கிப் போகும். 50 மைக்ரோ நொடியாகக் குறைத்தால் நகர்வு 0.1 மி.மீ., படம் தெளிவாக வரும். ஆனால் வெளிச்சம் இருபது மடங்கு குறைகிறது. லென்ஸ் துவாரத்தைப் பெரிதாக்கினால் உயரம் மாறும் பெட்டிகள் ஃபோகஸில் நிற்காது. ஆகவே படம் எடுக்கும் கணத்தில் பளிச்சென்று மின்னும் நல்ல ஸ்ட்ரோப் விளக்கைச் சேர்த்தே கேமராவின் விலையைக் கணக்கிடுங்கள். விளக்கில் மிச்சம் பிடிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

உலோகப் பாகத்தில் குத்திப் பதித்த டேட்டா மேட்ரிக்ஸ் (கோடுகளுக்குப் பதில் கட்டத்தில் புள்ளிகளாக இருக்கும் குறியீடு) என்றால் பேச்சே இல்லை, கேமராதான். ஒற்றைக் கோடாக ஓடும் லேசரால் அதைப் படிக்க முடியாது. கேமராவில் இன்னொரு பெரிய லாபம், படிக்காமல் போன பாகத்தின் படம் கையில் இருக்கும். லேபிள் கிழிந்ததா, ஒட்டவே இல்லையா என்று ஷிஃப்ட் முடிவில் பார்த்துவிடலாம். லேசர் 'படிக்கவில்லை' என்பதோடு நின்றுவிடும். அட்டைப்பெட்டி, கோட்டு பார்கோடு, ஒரே திசை என்று எல்லாம் நிலையாக இருக்கும் லைனில் மட்டும் லேசரை மாற்ற அவசரம் வேண்டாம்.

தரச் சோதனை இரண்டிலிருந்தும் வேறு. லைனில் இருக்கும் ரீடரின் வேலை எப்படியாவது படித்துவிடுவது. மோசமான அச்சையும் அது படித்துவிடும். வாடிக்கையாளர் அச்சுத் தரத்துக்குக் கிரேடு கேட்டால், கோட்டு பார்கோடுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 15416 முறைப்படி அச்சுத் தரத்தை அளக்கும் தனிக் கருவியான வெரிஃபையரில் மாதிரி லேபிள்களை வையுங்கள். தெர்மல் பிரிண்டர் ஹெட்டில் ஒரு புள்ளி எரிந்துபோனால் லேபிள் நெடுக மெல்லிய வெள்ளை இழை விழும். லைனில் எல்லாம் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, வெரிஃபையரில் கிரேடு இறங்கியிருப்பது தெரிந்துவிடும்.