அம்மாவுக்கு நெஞ்சக சி.டி. எடுத்த ஸ்கேன் மையம்: நிறைகளும் ஒரு பெரிய குறையும்

மூன்று மாதங்களாக விடாத வறட்டு இருமலும், மாடிப்படியில் பாதியிலேயே நின்று மூச்சு வாங்கும் நிலையுமாக இருந்த என் அம்மாவை நெஞ்சக நோய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் முதுகின் கீழ்ப்பகுதியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, வெல்க்ரோ பட்டையைப் பிரிக்கும்போது எழுவது போன்ற ஓசை இருபுறமும் கேட்கிறது என்றார். ஏற்கெனவே எடுத்திருந்த எக்ஸ்ரேயில் குறை எதுவும் தெரியவில்லை. ஆகவே ஹெச்.ஆர்.சி.டி. எனப்படும் உயர் துல்லிய சி.டி. எடுத்து வரும்படி எழுதிக் கொடுத்தார். அந்தப் படத்தை எடுத்த ஸ்கேன் மையத்தைப் பற்றிய மதிப்பீடு இது. மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இத்தகைய இடங்களில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் படிப்பவர்களுக்குப் பயன்படும்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகு சி.டி. எதற்கு என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். எக்ஸ்ரே நெஞ்சின் முழு ஆழத்தையும் ஒரே தளத்தில் அழுத்திக் காட்டுவதால், இதயத்துக்குப் பின்னாலும், உதரவிதானத்தின் வளைவுக்குக் கீழேயும், காறை எலும்பு மறைக்கும் நுரையீரல் உச்சியிலும் இருப்பவை கண்ணுக்குத் தப்பிவிடலாம். ஹெச்.ஆர்.சி.டி. அதே நெஞ்சை 1 முதல் 1.5 மி.மீ. தடிமனுள்ள சீவல்களாகப் பிரித்துக் காட்டுகிறது. இதனால் எக்ஸ்ரேயைக் குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது. நிமோனியா, நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்து தேங்குதல், காசநோயின் நிழல், நீர் கோர்த்தல் ஆகியவற்றுக்கு இன்றும் அதுதான் முதற்படி. ஆனால் நின்ற நிலையில் முன்பக்கப் படத்தில் நீர் தெளிவாகத் தெரிய ஏறத்தாழ 200 மி.லி. சேர்ந்திருக்க வேண்டும் என்பார்கள். நுரையீரல் திசுவிலேயே தொடங்கும் மெல்லிய மாற்றங்களை அதில் எதிர்பார்க்க முடியாது.

இந்த மையத்தின் மிகப்பெரிய பலம் அங்கு எங்களுக்குப் படம் எடுத்த டெக்னீஷியன். அம்மாவை நேராக எந்திரத்தில் படுக்க வைக்காமல், வெளியே நாற்காலியில் உட்கார வைத்து, "அம்மா, மூச்சை நல்லா உள்ளே இழுங்க, அப்படியே பிடிச்சுக்கோங்க, நான் சொன்னப்புறம் விடுங்க" என்று மூன்று முறை ஒத்திகை பார்த்தார். முதல் முறை அம்மா பாதி மூச்சிலேயே இருமிவிட்டார். அவர் அவசரப்படாமல் தண்ணீர் கொடுத்துக் காத்திருந்து, மூன்றாம் முறை அம்மா பத்து விநாடி தாக்குப் பிடித்த பிறகே உள்ளே அழைத்துப் போனார். இது வெறும் கனிவு மட்டுமல்ல. மூச்சு நிறையாத நுரையீரல் படத்தில் மங்கலாகத் தெரியும். மூச்சு அசைந்தால் ரத்தக் குழாய்கள் இரட்டையாகத் தெரியும். அந்த மங்கலையே நோய் என்று எழுதிவிடும் வாய்ப்பும் உண்டு. எத்தனை விலையுயர்ந்த எந்திரமாக இருந்தாலும் நோயாளியின் மூச்சைச் சரிசெய்து தராது. அதைச் செய்ய அருகில் நிற்கும் மனிதர் வேண்டும்.

மல்லாந்து படுத்த படம் முடிந்ததும், மருத்துவரின் சீட்டைப் பார்த்துவிட்டு, குப்புறப் படுக்க வைத்து நுரையீரலின் அடிப்பகுதியை மட்டும் மறுபடி எடுத்தார். மல்லாந்து படுக்கும்போது, தன் எடையாலேயே நுரையீரலின் பின்பகுதி சற்றுச் சுருங்கி மங்கலாகத் தோன்றும். குப்புறப் படுத்ததும் அந்த மங்கல் கலைந்தால் அது நோயல்ல, கலையாவிட்டால் திசுவிலேயே மாற்றம் இருக்கிறது என்று பொருள். அம்மாவுக்கு அது கலையவில்லை. வருத்தமான செய்திதான், ஆனால் அந்தச் சில நிமிடப் படம் இல்லாவிட்டால் முடிவு ஐயத்திலேயே நின்றிருக்கும்.

கதிர்வீச்சைப் பற்றி நான் கேட்டபோதும் மழுப்பவில்லை. படம் எடுத்ததில் வெளியான மொத்தக் கதிர்வீச்சைக் குறிக்கும் டி.எல்.பி. என்ற எண்ணைத் திரையில் காட்டி, அதை 0.014ஆல் பெருக்கினால் நெஞ்சுக்கான தோராயமான அளவு, உடலில் படும் கதிர்வீச்சின் அலகான மில்லிசீவர்ட்டில் கிடைக்கும் என்றார். அம்மாவுக்கு 300 வந்திருந்தது. அதாவது சுமார் 4.2. முன்பக்கமும் பக்கவாட்டுமாக எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரேக்கு ஏறத்தாழ 0.1தான் ஆகும், இயற்கையாகவே ஓராண்டில் நம் உடலில் படும் கதிர்வீச்சின் உலக சராசரி 2.4. இந்த ஒப்பீடு அம்மாவின் பயத்தைப் பெரிதும் குறைத்தது. காரணமில்லாமல் சி.டி.யைத் திரும்பத் திரும்ப எடுக்கக் கூடாது என்பதும் அதே எண்களில் இருந்துதான் எனக்கு விளங்கியது. ரத்தக் குழாய்களைப் படத்தில் பளிச்சென்று காட்டும் காண்ட்ராஸ்ட் ஊசி போடவில்லை. நுரையீரல் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் சி.டி. போன்றவற்றுக்குத்தான் அது தேவை.

இனி அந்தக் குறைக்கு வருகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்கு நிமோனியா வந்தபோது எடுத்த சி.டி. படங்கள் பதிவான குறுந்தகட்டை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வரவேற்பு மேசையில் கொடுத்திருந்தேன். மாலையில் கையில் வந்த ரிப்போர்ட்டில், நுரையீரல் அடியில் வலைபோன்ற கோடுகள் இருப்பதோடு, வலப்பக்க மேல் மடலில் 5 மி.மீ. முடிச்சு (சிறு கட்டி போன்ற புள்ளி) ஒன்று இருப்பதாகவும், மூன்று மாதத்தில் மீண்டும் சி.டி. எடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. முடிச்சு என்ற சொல்லைப் படித்ததும் அம்மாவின் முகம் வெளுத்துப் போனது. அன்று இரவு அவர் உறங்கவே இல்லை. பழைய படத்தைப் பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட இல்லை. மறுநாள் காலை சென்று கேட்டபோதுதான், நான் கொடுத்த உறை மேசை இழுப்பறையிலேயே கிடந்தது, ரிப்போர்ட் எழுதும் கதிரியக்க மருத்துவரிடம் போகவே இல்லை என்பது தெரிந்தது.

கதிரியக்க மருத்துவர் தவறை மறைக்க முயலவில்லை. என்னை உள்ளே அழைத்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து, இரண்டிலும் ஒரே சீவலில் நிறுத்தினார். அதே இடம், அதே 5 மி.மீ., அதே விளிம்பு. நான்கு ஆண்டுகளாக வளராத திட முடிச்சு பெரும்பாலும் ஆறிப்போன பழைய தழும்பாகவே இருக்கும் என்று விளக்கினார். 6 மி.மீ.க்குக் குறைவான திட முடிச்சு உள்ளவர் புற்றுநோய் அபாயம் குறைந்தவராக இருந்தால் வழக்கமான தொடர்படம் தேவையில்லை என்றுதான் நெஞ்சகப் படங்களை ஆராயும் நிபுணர்களின் அமைப்பான ஃபிளெய்ஷ்னர் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் கூறுகிறது. புதிய ரிப்போர்ட்டை அன்றே கையெழுத்திட்டுத் தந்தார். அவருடைய நேர்மையை மதிக்கிறேன். இருந்தாலும் ஓர் உறை இழுப்பறையிலிருந்து பத்து அடி தூரம் நகராததால் ஒரு வயதான பெண்மணி ஓர் இரவு முழுவதும் அஞ்சிக் கிடந்தார் என்பதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பழைய படங்களைப் பெற்றதும் நோயாளியின் எண்ணுடன் பதிவு செய்து, ரிப்போர்ட் எழுதுபவரின் திரையில் அது தெரியும்படி செய்வதை இந்த மையம் உடனே தொடங்க வேண்டும்.

அந்தச் சந்திப்பில் நான் கற்றுக்கொண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் ஒரே சீவலை இரு விதமாகக் காட்டினார். சி.டி.யில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு: நீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000. அந்த எண்களில் எந்த வரம்பைத் திரையில் காட்டுவது என்பதை மாற்றிக்கொள்ளலாம். நுரையீரலைப் பார்ப்பதற்கான அமைப்பில் மெல்லிய காற்றுக் குழாய்களும் கோடுகளும் மரக்கிளைபோல் விரிந்தன, இதயம் வெறும் வெள்ளைத் திட்டாக இருந்தது. நடு நெஞ்சுக்கான அமைப்புக்கு மாற்றியதும் நுரையீரல் முழுக்கக் கறுத்து, இதயமும் நிணநீர்க் கணுக்களும் தெளிந்தன. பிலிமில் அச்சிடும்போது சில படங்களும் ஓரிரு அமைப்புகளும்தான் கிடைக்கும். நூற்றுக்கணக்கான சீவல்களையும் விரும்பியபடி மாற்றிப் பார்க்க தகடுதான் வேண்டும். இங்கே கேட்டால்தான் தகடு தருகிறார்கள். கேட்காமலே தர வேண்டும்.

வரவேற்பறையில் செயற்கை நுண்ணறிவு படத்தைப் படிக்கும் என்று ஒரு பெரிய பலகை இருக்கிறது. எக்ஸ்ரேயில் காசநோயைத் தேடுவதற்கு, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார அமைப்பு 2021இல் பரிந்துரைத்திருப்பது உண்மை. அம்மாவின் நிலைக்கு அதனால் பயன் ஏதும் இல்லை என்பதால் அதற்கு மதிப்பெண் தர எனக்குக் காரணமில்லை.

திருத்திய ரிப்போர்ட்டையும் தகட்டையும் பார்த்த நெஞ்சக மருத்துவர், தொடக்க நிலையிலுள்ள நுரையீரல் திசு நோய் என்று கூறி, அதன் காரணத்தைக் கண்டறிய வீட்டில் பறவை வளர்க்கிறீர்களா என்று விசாரித்து, மூட்டு நோய்களுக்கான ரத்தப் பரிசோதனைகளை எழுதினார். ஆறு மாதம் கழித்து, நோய் நகர்கிறதா என்று பார்க்க மீண்டும் ஒரு சி.டி. எடுக்க வேண்டியிருக்கிறது. அதே சீவல் தடிமனில், அதே எந்திரத்தில், மூச்சுப் பயிற்சி கொடுக்கும் அதே டெக்னீஷியனிடம் எடுத்தால்தான் ஒப்பீடு நேராக இருக்கும் என்பதால் இங்கேயேதான் போகப் போகிறோம். இம்முறை இரண்டு பழைய தகடுகளையும் மேசையில் வைக்காமல், கதிரியக்க மருத்துவரின் கையிலேயே கொடுத்துவிட்டு வருவேன்.